நீலத் துணிக்குக் கீழே தெரிந்த செருப்பு

முதலிலேயே கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்... இதை யாருக்கும் காட்டாதீர்கள். நம் குரூப்பில் இருக்கிற நீங்கள் மட்டும் படித்தால் போதும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து எவளாவது ஸ்டேட்டஸில் போட்டால் நான் செத்தேன். அய்யா காதுக்குப் போனால் போனும் போகும், பிளஸ் ஒன்னும் போகும். கதவைத் தாழ் போட்டுவிட்டு டேபிள் லேம்ப் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

வெங்காயம் சோயா சாஸில் மெல்ல வேகிற வாசனை... அதன்மேல் அடித்த முட்டையை ஊற்றியதும் குபுக்கென்று எழும் ஆவி. கூடவே பக்கத்துக் கிட்டங்கியிலிருந்து முண்டு மிளகாய் நெடி. எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் விட்டு வந்தால் இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறும். முதலில் தும்மல் வரும், அடுத்து பசி வரும்.

மிளகாய் மூட்டை அடுக்கி வைக்கிற அந்தக் கிட்டங்கி எங்கள் அய்யாவுடையது. ராமநாதபுரத்தில் மிளகாய் வியாபாரம். பக்கத்து அறையில் அய்யாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, ஜப்பான் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஜப்பானிலேயே ஒரு சின்னக் கடையில் பல வருடம் சமைத்துவிட்டு வந்தவர். இரண்டு பெஞ்சு, ஒரு அடுப்பு. கோழியும் முட்டையும் போட்ட சோறு, கெட்டிக் குழம்புச் சோறு, சோயா விழுது கரைத்த மிசோ சூப். பரோட்டா தின்கிற காசில் வயிறு நிறையும்.

ஆனால் நம் ஆட்களை வைத்துக்கொண்டு...

"பச்ச மீனத் திங்கச் சொல்வியாமே?" என்று பாம்பன் மீன் வண்டிக்காரர் தினமும் கேட்பார். "கடல்லயே கெடக்கேன், நானே திங்கிறதில்ல."

"பச்ச மீனே கெடையாதுண்ணே" என்று சொல்லிச் சொல்லி சித்தப்பாவுக்குத் தொண்டை கட்டியது.

மிசோ சூப்பைக் கிண்ணத்தில் கொடுத்தால் அப்படியே சோற்றில் கவிழ்த்துப் பிசைவார்கள்.

"அண்ணே, அது ரசமில்ல... குடிக்கிறது."

"குடிக்கத்தான் டீக்கடை இருக்கே தம்பி. இன்னுங் கொஞ்சம் இங்கன ஊத்து."

குழம்பு இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. அப்புறம் ஊறுகாய். பாத்திரம் கழுவிக்கொண்டே தலையில் அடித்துக்கொள்வேன்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை வாசலில் தொங்கிய நீலத் துணி. ஜப்பானில் அது தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தமாம். நம் ஊரில் கடை வாசலில் துணி எப்போது தொங்கும்? நோன்பு மாதத்தில் டீக்கடைகளில். உள்ளே சாப்பிடுகிறவர்கள் வெளியே தெரியாமல் இருக்க. அதனால் சித்தப்பா கடையும் மறைவாகத் தின்கிற இடமாகிவிட்டது. சுகர் வந்த வாத்தியார், வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாத வீட்டு மாப்பிள்ளை எல்லாரும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நுழைவார்கள்.

எங்கள் அய்யாவும்.

அய்யா வியாபாரமே வாயில்தான். வாங்க வருகிறவர்கள் முன்னால் ஒரு மிளகாயைக் கடித்து, கண் கலங்காமல் மென்றுவிட்டுத்தான் விலை சொல்வார். அந்த வயிற்றில் புண். காரமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "காரம் திங்காதவன்ட்ட எவன் மொளகா வாங்குவான்? வெளிய மூச்சு விடக்கூடாது" என்று அம்மாவையும் என்னையும் மிரட்டி வைத்திருந்தார்.

பகலில் நாலு பேர் முன்னால், "ஏலே, இதெல்லாம் ஒரு சோறாடா? பத்தியச் சாப்பாடு!" என்று சித்தப்பாவைக் கிண்டலடிப்பார். ஆள் கலைந்ததும் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சாப்பிடுவார். அந்த நாட்களில் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தத் துணி முழங்கால் வரைக்கும்தான்!

உள்ளே உட்கார்ந்தவருக்குத் தெரியாது. அடுப்படியில் நின்ற சித்தப்பாவுக்கும் தெரியாது. தெருவில் போகிற எல்லாருக்கும், இடது வாரில் சிவப்பு நூல் தைத்த அய்யாவின் செருப்பு பளிச்சென்று தெரியும். தெருவே பார்த்தது. அய்யாவிடம் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை. எனக்கும்தான்.

போன வருடம் ஒரு தரகர் வியாபாரிகள் நடுவில் போட்டு உடைத்தார். "அண்ணே கல்லாவுல ஒக்காந்திருக்காக, அவுக செருப்பு மட்டும் நெதமும் ஜப்பானுக்குப் போயிட்டு வருது!"

கிட்டங்கியே சிரித்தது. அய்யா நேராகப் பக்கத்து அறைக்குப் போனார்.

"ஏலே, ஊரெல்லாம் தமுக்கடிச்சிட்டேல்ல? கூடப் பொறந்தவன்னு நம்புனேன் பாரு!"

"சத்தியமா நான் யார்ட்டயும் சொல்லலண்ணே..."

"பேசாத. கடையக் காலி பண்ணு."

நான் அங்கேதான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். 'துணி குட்டைய்யா' என்று இரண்டு வார்த்தை. வாய் வரவில்லை.

இப்போது சித்தப்பா ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் யாத்திரைக்காரர்களுக்கு இட்லி ஊற்றுகிறார். பொங்கலுக்குக்கூட வரவில்லை. அய்யா பகலில் மிளகாய் கடிக்கிறார். ராத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் நடக்கிறார். நாளைக் காலையில் அந்த அறையில் மூட்டை இறங்கப்போகிறது. பெஞ்சும் அடுப்பும் பழைய இரும்புக்காரருக்கு. அதோடு முடிந்தது, சித்தப்பா திரும்பி வர இடமே இருக்காது.

இன்று சாயங்காலமும் கிட்டங்கியைத் தாண்டி வந்தேன். தும்மல் மட்டும் வந்தது. பசிக்கவில்லை.

ஒரு குட்டைத் துணிக்காக இரண்டு பெரிய மனிதர்கள் பேசாமல் இருக்கிறார்கள். எரிச்சலாக வருகிறது... மூட்டை இறங்குவதற்குள் சொல்லிவிடவா? சொன்னால், இத்தனை நாளாக உனக்கும் தெரியுமா என்று கேட்பாரே. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அய்யாதான்.

"ஏத்தா, இன்னுமா தூங்கல? கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியுதுல்ல..."

அய்யா, அதேதான்ய்யா, அதே மாதிரிதான் அந்தத் துணிக்கு அடியில உங்க செரு