இடது பெட்டியின் சலங்கை

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் நான்தான் எதையோ தப்பாகத் தொட்டுவிட்டேன் என்று முதலில் தோன்றும். வேறு யாராவது வந்து, இது தானாகப் போனது என்று சொல்லும் வரைக்கும் சோறு இறங்காது. பாட்டுப் பெட்டி விஷயத்தில் மட்டும் தலைகீழாக நடந்தது. பெட்டியில்தான் கோளாறு என்று மாதக்கணக்கில் சாதித்தேன்.

பாண்டிச்சேரியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவரிடம் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கினேன். ஒன்றை மடியிலும் ஒன்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டு மரக்காணம் வரை பஸ்ஸில் வந்தேன். பள்ளம் வரும்போதெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாட்டு போனிலிருந்து வரும். இன்டர்நெட்டில் உலகத்துப் பாட்டெல்லாம் கிடக்கிறது. எனக்கு வேண்டியது ஒன்றுதான்.

கல்யாணமான புதிதில் இரவல் டேப் ரெக்கார்டரில் நாங்கள் இருவரும் கேட்ட பாட்டு அது. கடைசிச் சரணத்துக்கு முன்னால் பாடுகிற அம்மா மூச்சு விட ஒரு இடம் விடுவார்கள். அந்த இடத்தில், இடது பக்கத்தில் மட்டும், யாரோ நடந்து போகிற மாதிரி ஒரு சலங்கை ஒருமுறை அசையும். அதைக் கண்டுபிடித்தது என் மனைவி. அது வரும்போது விரலைத் தூக்குவாள். அப்போதிலிருந்து எங்களுக்கு அந்தப் பாட்டே அந்தச் சலங்கைதான்.

புதுப் பெட்டியில் பாட்டு வந்தது. சலங்கை வரவில்லை. அவள் விரல் மட்டும் எழுந்தது. எனக்கும் கேட்டதைப் போல் தலையை ஆட்டிவைத்தேன்.

உப்பு மில்லில் இருபது வருஷம் அரவை மெஷின் வாயில் நின்றவன் நான். இடது பக்கம் மெஷின், வலது பக்கம் மூட்டை. இப்போது எடை போடுகிற இடத்தில் இருக்கிறேன். மெஷின் என் இடது காதைத் தின்றுவிட்டதோ என்கிற பயம், தலையாட்டின அந்த நிமிஷமே வந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடும் என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

கூனிமேட்டில் சவுண்ட் சிஸ்டம் ரிப்பேர் செய்கிற பாய் ஒருவர் இருக்கிறார். வயதில் சின்னவர், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் போனைப் பார்த்ததும் சிரித்தார். டேட்டா மிச்சம் பிடிக்கிற செட்டிங்கிலேயே இத்தனை நாளும் பாட்டு ஓடியிருக்கிறது. மேல் ஓசையையெல்லாம் வடிகட்டிவிட்டுச் சக்கையைத்தான் அனுப்புமாம். அதை மாற்றினார். புளூடூத் வேண்டாமென்று போனுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா வைத்து ஒயரில் இணைத்தார். தரையில் கிடந்த பெட்டிகளைக் காது உயரத்துக்கு ஏற்றச் சொன்னார். வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் இரண்டு ஸ்டாண்டு அடித்தேன். குழாய்க்குள் கனமாக எதையாவது கொட்டி அடைத்தால் அதிராது என்றும் சொல்லியிருந்தார்.

கனமாக, சுலபமாக, மில்லுக்குள்ளேயே கிடைப்பது எது? உப்பைக் கொட்டினேன்.

சித்திரையில் அந்த உப்பு எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. பாட்டு தெளிந்துவிட்டது. அவள் விடியற்காலையில் உப்புப் பாத்தி வேலைக்குப் போய்ப் பதினொரு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவாள். நான் இரண்டு மணிக்குச் சாப்பிட வருவேன். பின் ஜன்னல் வழியாக உப்புப் பாத்திகளின் வெளிச்சம் உள்ளே வந்து, பெட்டிகளுக்கு மேலே சுவரில் தண்ணீர் மாதிரி ஆடும். நான் நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வேன். அவள் என் வலது பக்கம் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவாள். வீணை வரும், மூச்சு வரும், வீடு கொஞ்ச நேரம் தரையை விட்டு எழும்பி மிதக்கும். பிறகு அவள் விரல் எழும். எனக்கு அந்த இடத்தில் ஒன்றுமில்லை.

புரட்டாசியில் கடல் காற்று ஈரமானது. இடது ஸ்டாண்டு கிழக்கு ஜன்னலோரம் நின்றது. ஒருநாள் பார்த்தால் அதன் காலடியில் செம்பழுப்பாகத் தண்ணீர். குழாய் துருப்பிடித்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்யா, ஊருக்கே உப்பு அரைச்சுப் போட்ட ஆளு நீ. காத்து மாறினா உப்பு கசியும்னு தெரியாதா உனக்கு?"

வெட்கமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இடது பக்கத்தில்தான் கசிந்திருக்கிறது. சலங்கையைக் கெடுத்தது உப்புதான், காது இல்லை. துருவைச் சுரண்டி, வீடு கட்டுகிற இடத்தில் கேட்டு வாங்கிய மணலைச் சலித்துக் காயவைத்துக் கொட்டினேன். பாயையும் வரவழைத்தேன்.

அவர் இரண்டு பெட்டியையும் மாற்றி மாற்றிக் கேட்டார். இரண்டும் ஒன்றுபோலத்தான் பாடுகின்றன என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"பேஜாராவாதீங்க அண்ணே. சேரைத் திருப்பிப் போட்டு, முதுகைக் காட்டி உக்காந்து கேளுங்க. இடது பக்கத்து மந்தம் பொட்டியோடவே நிக்குதா, உங்க கூடவே வருதான்னு தெரிஞ்சிடும்."

ஒரு நாற்காலியைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு மூன்று வாரம் ஆனது. தினமும் அதன் முதுகைத் தொட்டுப் பார்ப்பேன், மழை வரும்போல இருக்கிறது என்று கொடித்துணி எடுக்கப் போய்விடுவேன். காது போன ஒருத்தர் மில்லில் இருந்தார். அவரிடம் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். நல்ல செய்தியைக்கூடத் திட்டுவது மாதிரிச் சொல்வார்கள். அவர் முகம்தான் கண்முன் வரும்.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு மத்தியானம், நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவளே நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாள். பாட்டைப் போட்டாள். நான் உட்கார்ந்தேன்.

மந்தம் என்னோடு வந்தது. சுவரை விட்டு, பெட்டியை விட்டு, என் இடது தோளிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. எழுந்துவிடலாம் என்று நினைக்கையில், அந்த அம்மா மூச்சு விட இடம் விட்டார்கள்.

சலங்கை அசைந்தது. வலது காதில், முதுகுக்குப் பின்னால், யாரோ எங்கள் வீட்டைக் கடந்து போகிற மாதிரி.

"வந்துச்சா?" என்றாள். என் வலது பக்கத்திலிருந்து.

அப்போதுதான் உறைத்தது. வண்டியில் பின்னால் உட்காரும்போதும் வலது தோள் பக்கமாகத்தான் குனிந்து பேசுகிறாள். டேப் ரெக்கார்டர் காலத்தில் என் இடது பக்கம்தானே இருப்பாள்?

"நீ எப்பலேர்ந்து இந்தப் பக்கம் உக்கார்றே?"

"போன வருஷம் ஆடிலேர்ந்து. அந்தப் பக்கம் உக்காந்தா எல்லாத்தையும் ரெண்டு வாட்டி சொல்ல வேண்டியிருக்குது."

கீரையை உருவிக்கொண்டே சொன்னாள். பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கத்தவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பாண்டிச்சேரிக்குப் போனோம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மில்லுக்குள் போகும்போது இப்போது காதில் அடைப்பான் வைத்துக்கொள்கிறேன்.

இடது, வலது ஒயர்களை இடம் மாற்றிச் செருகினால் நேராகவே உட்கார்ந்து கேட்கலாம் என்று பாய் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. திரும்பிய நாற்காலிக்கு நேராகப் பின் ஜன்னல் இருக்கிறது. மழைத் தண்ணீர் நின்ற பாத்திகளில் வானம் கட்டம் கட்டமாகக் கிடக்கிறது. ஒரு கொக்கு மேகத்தின் மேல் நடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், பாட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

சில மத்தியானங்களில் அவள் கீரையும் கையுமாகத் தூங்கிவிடுகிறாள். அந்த இடம் வரும்போது இப்போது விரலைத் தூக்குவது நான்.