பூட்டனாருக்குத் தங்கை பிறந்த கதை

அப்பா கொழும்பு புறக்கோட்டையில் பூட்டும் கீலும் விற்கிறவர். யாராவது தொழிலைக் கேட்டால் மட்டும் அதை இரண்டாவதாகத்தான் சொல்லுவார். "பூர்வீகம் ஜமீன். இப்ப ஹார்ட்வெயார்." கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு வந்த எவரும் ஜமீனின் வரலாற்றைக் கேட்காமல் வெளியே போனதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த மனிதர் அதைத் தோளில் வைத்தபடியே மூன்று ராஜாக்கள் வரை கேட்டிருக்கிறார். ஒருமுறை த்ரீவீல் சாரதியிடம், "அபி ரஜ பவுலே" என்று சிங்களத்தில் எங்கள் ராஜ குடும்பத்தை அறிவித்தார் அப்பா. சாரதி, "எஹெமத?", அப்படியா, என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, கிராண்ட்பாஸ் பக்கமாகப் போகவா என்று விசாரித்தார்.

வரலாறு இதுதான். திருநெல்வேலிப் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் ஜமீன். அதை நிறுவியவர் ஒரு சாதாரண ஆள். மதுரை மன்னரின் குதிரை ஒருநாள் வெறிபிடித்து ஓட, படைவீரர்கள் எல்லாம் மரத்தில் ஏறிக்கொள்ள, இவர் மட்டும் போய் அதன் வாலைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை குதிரை அவரை இழுத்துக்கொண்டே போனது. மன்னர் மெச்சி, இழுபட்ட நிலமெல்லாம் உனக்கே என்று சொல்லிவிட்டார். அதனால்தான் ஜமீனின் எல்லை கோணல்மாணலாக இருக்கும், ஒரு குளத்தை மட்டும் இரண்டு முறை சுற்றும் என்பார் அப்பா. மூன்றாவது ராஜா வெள்ளைக்காரர்களை எதிர்க்கப் பனைமரத்தைக் குடைந்து பீரங்கி செய்தார். வெடித்தது. குண்டு அல்ல, பீரங்கி. ஐந்தாவது ராஜா சீமையிலிருந்து மோட்டார் கார் வரவழைத்தார். ஓட்டத் தெரிந்தவர் ஊரில் இல்லாததால் அவர் ஆயுள் முழுக்க அதை இரண்டு காளைகள் இழுத்தன.

அந்த ஐந்தாம் ராஜாவின் இளைய மகன்தான் அப்பாவின் தாத்தா, எனக்குப் பூட்டனார். கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டத்தை அண்ணனுக்குக் கட்டிவிட்டார்கள் என்று கோபித்து, ஒரு வாளை எடுத்துக்கொண்டு தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் இறங்கினாராம். வாள் எங்கள் ஹாலில் தொங்கியது. "உறையிலிருந்து எடுத்தா ரத்தம் பாக்காம உள்ள போகாது" என்று அப்பா விருந்தாளிகளை எச்சரிப்பார். "துருப்பிடிச்சு வரமாட்டேங்குதுன்னு சொல்லுங்களேன்" என்பார் அம்மா.

எனக்கு இருபத்தெட்டு வயதானபோது நான் வெள்ளவத்தையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். ஒரே மாதத்தில் நான்கு முறை கண்ணாடி உடைந்து வந்தவர்தான் இன்றைக்கு என் கணவர். அவருடைய அப்பாவுக்குக் காலி வீதியில் குடைக்கடை. அவர்களும் தமிழகத்து வழி வந்தவர்கள் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. கடற்கரை ரயில்பாதை ஓரமாக நடக்கும்போது மூதாதையரைப் பற்றிக் கதைக்க எங்களுக்கு நேரமிருந்ததில்லை. அவர் வீட்டில் நாங்கள் மறைத்த ஒரே விஷயம், நான் அவரைவிட எட்டு மாதம் மூத்தவள் என்பது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் அவருடைய பெற்றோரும் பெண் பார்க்க வந்தார்கள்.

"வீடு தேடிப்பிடிக்கக் கஷ்டமா இருந்ததா?" என்று அப்பா அவரைக் கேட்டார்.

"இல்லை அங்கிள், பஸ்ஸில வந்தனாங்கள்."

"பேச்சு யாழ்ப்பாணம்போல இருக்கே?"

"இல்லை அங்கிள். வெள்ளவத்தை."

அப்பா அதைப் பெருந்தன்மையோடு மன்னித்து, நேராகக் குதிரைக்கு வந்தார். படைவீரர்கள் மரமேறினார்கள். வாலைப் பிடிக்க ஆள் வந்தார். அந்த இடத்தில், அதுவரை பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்த என் மாமனார் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"வாலில்லை அண்ணாச்சி. பிடரி."

"என்னது?"

"பிடரியைப் பிடிச்சு ஏறினவர். எங்கட ஆளைக் குதிரை இழுக்கேல்லை. அவர்தான் ஓட்டினவர்."

எங்கட ஆள். அப்பா மெதுவாக எழுந்தார். "கப்பல் எங்க ஏறினாங்க?"

"தூத்துக்குடி."

"ஏன் ஏறினாங்க?"

"பரிவட்டம்" என்றார் மாமனார். அவரும் எழுந்துவிட்டார்.

அடுத்த நிமிடம் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி!" "அண்ணாச்சி!" "ஒரே ரத்தம்! நூறு வருஷமா ஒரே ஊருல இருந்துக்கிட்டு!" மாமனார் உண்மையாகவே அழுதார். நானும் என் கணவராகப்போகிறவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். இவ்வளவு சுலபமாகக் காரியம் முடியும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

கேசரித் தட்டோடு குசினி வாசலில் நின்ற அம்மாதான் கேட்டார். "ஒரே ரத்தம்னா பங்காளில்ல? அப்ப இதுக ரெண்டும் அக்கா தம்பி."

கட்டிப்பிடித்த கைகள் தளர்ந்தன.

"அதென்ன அக்கா தம்பி?" என்றார் என் மாமியார். "அண்ணன் தங்கச்சி இல்லையோ?"

அந்தப் பிற்பகலில் வயது ரகசியமும் சேர்த்து எல்லாமே போனது. கேசரியை யாரும் தொடவில்லை.

ஒரு வாரம் இரண்டு அரண்மனைகளிலும் யாரும் இறங்கி வரவில்லை. வம்சத்தை ஒருவர் விட்டுக்கொடுத்தால் கல்யாணம் நடக்கும். ஆனால் யார் விடுவது? "குடை விக்கிறவருக்கு எதுக்கு வம்சம்?" என்றார் அப்பா. வெள்ளவத்தையில் மாமனார், வெண்கொற்றக் குடையைப் பற்றி வீட்டாருக்கு ஒரு மணி நேரம் விளக்கம் கொடுத்ததாக அவர் மகன் எனக்குப் போனில் சொன்னார். நான் கடையின் பின்னறையில் போய் அழுதேன். எப்போதோ ஓடிய ஒரு குதிரையால் கல்யாணம் நின்றுவிட்டது என்று யாரிடம் சொல்லி ஆறுதல் தேடுவது?

அம்மாவிடம்தான் கேட்டேன். "அப்பா சொல்ற கதை நிஜமாம்மா?"

"எனக்குக் கல்யாணமான புதுசுல ரெண்டு ராஜாதான் இருந்தாங்க" என்றார் அம்மா, வெங்காயம் நறுக்கியபடி. "மத்த மூணு பேரும் நீ பிறந்த பிறகு வந்தவங்க."

கடைசியில் பேச்சுவார்த்தைக்கு இருவரும் இணங்கினார்கள். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் வரமாட்டேன் என்றதால், நடுவில் கோட்டையில் சந்திப்பதாக ஏற்பாடு. கோட்டை என்றால் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை. அப்பா வாளைக் கொண்டுவரப் பார்த்தார். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்று நான் தடுத்தேன்.

உளுந்து வடைக்கு இரண்டு பக்கமும் இரண்டு ராஜாக்கள் உட்கார்ந்தார்கள். நாங்கள் இருவரும் ஓரத்தில்.

"நீங்க திவானா இருந்துக்கங்களேன் அண்ணாச்சி" என்று அப்பா ஆரம்பித்தார். "திவான் பெரிய பதவி. எல்லாம் அவர் கையிலதான்."

"அப்ப நீங்கள் இருங்கோவன்."

"சேனாதிபதி?"

"பனைமரப் பீரங்கிக்கோ? வேண்டாம்."

வடை ஆறிக்கொண்டிருந்தது. என் பக்கத்திலிருந்தவர், எழுந்து போய்விடலாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். எனக்கு வந்த கோபத்தில், யோசிக்காமலே வாயைத் திறந்துவிட்டேன். "அந்த இளவரசருக்கு ஒரு தங்கச்சிகூடவா இருந்திருக்காது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணன் வழியில் ஒரு வீடு, தங்கை வழியில் ஒரு வீடு என்றால் அது பங்காளி இல்லை. மாமன் மச்சான். நானும் அவரும் அக்கா தம்பி இல்லை. முறைப்பெண், முறைமாப்பிள்ளை.

"இருந்தா" என்றார் அப்பா மெல்ல.

"ஓம், இருந்தவ" என்றார் மாமனார். "அதே கப்பலில வந்தவ."

"அண்ணனைப் பிரிஞ்சு இருக்கமாட்டேன்னு அழுதா."

"எப்படி மறந்தம்?"

அந்தத் தங்கைக்கு யார் வாரிசு என்பதில் மட்டும் சிறு சிக்கல் வந்தது. இளவரசனை மாமனார் விடவில்லை. அப்பா சிறிது நேரம் வடையையே பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரி, நான் இளவரசி வழி" என்றார். ஜமீனைக் கொடுத்த மதுரை மன்னரும் அப்படியொரு முகத்தோடு கொடுத்திருக்கமாட்டார். ஆனால் இரண்டாவது பிளேன்டீ முடிவதற்குள் அப்பாவின் இளவரசி வேறு ஆளாகிவிட்டாள். நடுக்கடலில் புயல் வந்தபோது அண்ணன் வாந்தியெடுத்துப் படுத்துவிட, சுக்கானைப் பிடித்துக் கப்பலைக் கொழும்பில் சேர்த்தவளே அவள்தானாம். வாளும் அவளுடையதுதான். மாமனாருக்கு இதில் ஆட்சேபம் இருந்தது, ஆனால் அதற்குள் அப்பா அவரை மச்சான் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. சொந்தத்துக்குள் செய்திருக்கிறார்கள் என்று பலரும் பாராட்டினார்கள்.

சில மாதங்கள் கழித்து நாங்கள் இருவரும் இந்தியா போனபோது, மதுரையிலிருந்து பஸ் பிடித்து அந்த ஊரைத் தேடிப் போனோம். அரண்மனையில் பாதி இடிந்திருந்தது, மீதியில் மாணவர் விடுதி. முகப்பு வாசலில் ஒரு கைபேசி ரீசார்ஜ் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர்தான் இன்றைய வாரிசு. நாங்கள் தயங்கித் தயங்கிப் பூட்டனாரைப் பற்றிச் சொன்னோம்.

"எங்க வீட்ல அஞ்சு தலைமுறையா ஒத்தைப் புள்ளதாங்க" என்றார் அவர், ஒருவருக்கு சிம் கார்டு போட்டபடி. "தம்பியும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. இலங்கையில இருந்து வருசத்துக்கு ரெண்டு குடும்பமாவது வர்றாங்க. பர்மாவுல இருந்துகூட வந்தாங்க. உக்காருங்க, கலர் குடிக்கிறீங்களா?"

குடித்தோம். மரியாதைக்கு ஆளுக்கொரு போன் கவர் வாங்கினோம். அவர் தன் நம்பரைக் கொடுத்தார்.

இதை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று விமானத்தில் நெடுநேரம் கதைத்தோம். சொல்லிவிட்டோம். அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "கோவிச்சுக்கிட்டுப் போனவங்கன்னு பேரை வெட்டிட்டாங்க. ஜமீன்ல அப்படித்தான் செய்வாங்க."

"தங்கச்சியின்ட பேரையுமோ?" என்றார் மாமனார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ட பேரை வெட்ட எப்படி மனசு வந்தது மச்சான்?"

வரலாற்றைத் திருத்தியே ஆகவேண்டும் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது. அந்த நம்பருக்கு ஞாயிறுதோறும் ஆளுக்கொரு முறை போன் போகிறது. ரீசார்ஜ் கடைக்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.