பெரியப்பா கண்ட வால் நட்சத்திரம்

பெரியப்பாவை நினைத்தாலே கண்முன் வருவது அவருடைய ஆள்காட்டி விரல்தான். பாளையம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பொழுது சாயும் நேரத்தில், அதை மேற்கு நோக்கி நீட்டினார். கீழே அக்காவுக்குப் பூ வைக்க வந்த மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். "அந்தா நிக்குது பாரு வால் நட்சத்திரம். இது நிக்கையில பூ வச்சா குடும்பம் வெளங்குமா?" என்றார், கீழே உள்ளவர்களுக்கும் கேட்கும்படியாக. வானத்தில் பொன்னிறமாக நீண்டு கிடந்தது, சற்று முன் போன விமானம் விட்ட புகைக்கோடு.

பூமிக்குப் பக்கத்தில் வால் நட்சத்திரம் ஒன்று வருகிறது என்று அந்த வாரம் செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். விடியுமுன் கிழக்கே பார்க்கவேண்டும் என்றும் அதிலேயே இருந்தது. பெரியப்பா தலைப்போடு நிறுத்திக்கொள்கிறவர். பஞ்சு வியாபாரத்தில், ஒரு பிடியை விரித்துப் பார்க்காமல் பொதி வாங்கமாட்டார். வானத்துக்கு மட்டும் அந்த மரியாதைகூடக் கிடையாது.

நானோ மலைமேல் உள்ள வானாய்வு நிலையத்தில் வேலை பார்க்கிறவன். வால் நட்சத்திரத்தைப் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. ஒரே இடத்தைச் சில நிமிடம் விட்டுவிட்டுப் படம் எடுப்போம். மற்ற நட்சத்திரங்கள் அப்படியே இருக்க, அது மட்டும் மயிரிழை நகர்ந்திருக்கும். அந்த நகர்விலிருந்து அதன் பாதையைக் கணக்கிடுவோம். ஒளியைப் பிரித்து, வெயிலில் அதன் பனி ஆவியாகும்போது என்னென்ன வாயு வருகிறது என்று பார்ப்போம். இத்தனை தெரிந்தவன் சொல்ல வாயெடுத்தேன். பெரியப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். விழுங்கிவிட்டேன். பத்து நிமிடத்தில் கோடு கலைந்தது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். மறு வாரமே நரிக்குடியில் வேறு பெண்ணுக்குப் பூ வைத்தார்கள்.

அந்த வால் நட்சத்திரம் சூரியனைச் சுற்றிக்கொண்டு, சில வாரங்களில் மெய்யாகவே மாலையில் மேற்கே வந்தது. அன்றைக்குத்தான் பெரியப்பா மகனுக்கு அருப்புக்கோட்டை மண்டபத்தில் நிச்சயம். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்ததை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், "இன்னைக்கு நிசமாவே நிக்குது பெரியப்பா" என்றேன். "நின்னுட்டுப் போகுது. நல்ல நாளும் அதுவுமா அதயெல்லாம் எதுக்குப் பாக்கணும்?" என்றார், துளியும் கூசாமல். இந்த மனிதரின் சொல்லுக்கா ஒரு வீடே கைகட்டி நின்றது என்று ஆத்திரத்தோடு உள்ளே போனேன்.

அக்காவை மண்டபத்து மாடிக்குக் கூட்டிப்போய் என் பைனாகுலரைக் கொடுத்தேன். சுண்ணாம்பு தொட்ட விரலால் இழுத்ததுபோல் மங்கலாக ஒரு வால். வெகுநேரம் பார்த்தாள். பெரியப்பாவைத் திட்டுவாள், நானும் சேர்ந்து திட்டலாம் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்கு அவுக காட்டுனது இது இல்லைல்ல?"

"இல்லக்கா. அது பிளேன் விட்ட புகை."

பைனாகுலரை இறக்கி என் கையில் வைத்தாள்.

"அவுகளுக்குத் தெரியாது. தெரிஞ்ச நீ ஏன்டா பேசாம நின்ன?"