பதினாலாம் நம்பர் குட்டிச் செருப்பு

எங்கள் அரண்மனைக்கு வருகிறவர்கள் முதலில் தரிசிப்பது ராஜாவின் சிம்மாசனத்தை அல்ல, செருப்பக்காவின் முகத்தை. உள்ளே முழுக்கப் பழைய மரத்தரை. கீறல் விழும் என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிடுவோம். அந்த வாசலில், செருப்பு வைக்கும் அடுக்குக்குப் பக்கத்தில், பதினோரு வருஷமாக அக்கா உட்கார்ந்திருக்கிறார். எதிரே டிக்கெட் கூண்டுக்குள் நான். ராஜாவின் பெயரை மறந்தவர்கள்கூட அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை மறக்க மாட்டார்கள்.

செருப்பைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவார். "இந்தம்மாவுக்குப் புதுச் செருப்பு கடிக்குது தம்பி. கால் வலியில அரை மணி நேரத்துல வெளிய வந்துரும் பாரு" என்பார். அந்த அம்மாளும் சொல்லிவைத்தாற்போல் வந்துவிடுவார். ஆனால் அரண்மனையைப் பற்றி எதையாவது கேட்டால் அக்கா கையை விரித்துவிடுவார். "நான் முதல் மண்டபம் வரைக்கும்தான் போயிருக்கேன். இந்த அடுக்க விட்டுட்டு எங்க போறது?"

பெரியவர்களுக்குப் பித்தளை டோக்கன். குழந்தைகளுக்கு மட்டும் தனியாக, சிவப்புப் பெயின்ட் அடித்த குட்டி டோக்கன். இது அலுவலகத்தின் ஏற்பாடு அல்ல. குட்டிச் செருப்புகள் பெரிய செருப்புகளுக்கு நடுவே அடிக்கடி காணாமல் போனதால் அக்காவே தன் கையால் செய்துகொண்டது. அதைக் கொடுக்கும்போதுதான் அந்தக் குரல் குழையும்.

"இது உன் பொறுப்பு. அப்பாகிட்டகூடக் குடுக்கக் கூடாது. எங்கிட்டதான் குடுக்கணும், சரியா?"

குழந்தைகள் பயபக்தியோடு தலையாட்டும்.

ஐந்தரைக்கு மூட வேண்டும். அடுக்கு காலி என்றால் அரண்மனையும் காலி, இதுதான் எங்கள் கணக்கு. 'உள்ளே யாரும் இல்லை' என்று பதிவேட்டில் அக்கா கையெழுத்துப் போட்ட பிறகே கண்காணிப்பாளர் பூட்டுவார்.

அன்றைக்கு மூடும் நேரம் பார்த்து மூன்று பஸ் கூட்டம் ஒன்றாக வெளியே வந்தது. செருப்பு எடுக்க ஒரே தள்ளுமுள்ளு. எல்லாம் ஓய்ந்த பிறகு பார்த்தால் பதினாலாம் நம்பர் பெட்டியில் ஒரு ஜோடி கிடக்கிறது. நீல ரப்பர் செருப்பு, வாரில் மஞ்சள் பூ, என் உள்ளங்கை அளவு.

"யாரோ மறந்துட்டுப் போயிருப்பாங்க. கையெழுத்தப் போடுங்கம்மா, பூட்டலாம்" என்றார் கண்காணிப்பாளர்.

"பெரியவங்க மறப்பாங்க சார். புள்ளைங்க இதுவரைக்கும் ஒண்ணுகூட மறந்ததில்ல. டோக்கன் வரலைன்னா புள்ள உள்ள இருக்கு."

"அப்பா அம்மா தேட மாட்டாங்களா?"

"மூணு பஸ்ஸு சார். அவங்க இந்த பஸ்ஸுல இருக்கும்னு நெனப்பாங்க, இவங்க அந்த பஸ்ஸுல இருக்கும்னு நெனப்பாங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்த நீலச் செருப்பு போட்டு வந்த குட்டிப் பெண்ணுக்கு அரை டிக்கெட் கிழித்தது நான்தான். கூண்டின் விளிம்பைப் பிடித்து எம்பி எம்பிப் பார்த்தாள். ஐந்து வயது இருக்கும். உள்ளே எண்பத்து மூன்று அறைகள். ராணிகள் குளித்த குளம் வேறு இருக்கிறது.

தேடினோம். பதினோரு வருஷமாக முதல் மண்டபத்தைத் தாண்டாத அக்கா அரண்மனைக்குள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, நாங்கள் இரண்டு ஆண்களும் மூச்சு வாங்கப் பின்னால் போனோம். கயிறு கட்டித் தடுத்த ராஜாவின் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பார்த்தார். திரைச்சீலைகளை உதறினார். வாள்கள் தொங்கும் அறையில் நின்று, "பாப்பா, அக்கா திட்ட மாட்டேன், வந்துரு" என்றார். 'திட்ட மாட்டேன்' என்ற வார்த்தையை அக்கா வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

கடைசியில் குளம். வெளிச்சம் இறங்கிவிட்டது, தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. அக்கா குப்புறப் படுத்து முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். இறங்கப் போனவரைக் கண்காணிப்பாளர் பிடித்து நிறுத்தினார். ஆழம் எவ்வளவு என்று மாற்றலாகி வந்து மூன்று மாதமே ஆன அவருக்கும் தெரியாது, கூண்டை விட்டு நகராத எனக்கும் தெரியாது. இலை அள்ளும் நீளக் கம்பை எடுத்து வரச் சொன்னார். அவர் குரலே சரியில்லை. அந்தக் கம்பு எதற்கு என்று நினைக்காமல் இருக்கத்தான் வாசலுக்கு ஓடினேன்.

கம்போடு திரும்பும்போது கேட்டில் ஒரு கார் வந்து நின்றது. வெறுங்காலோடு இருந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் இறங்கினார்.

"சாரி சார். தூங்கிட்டாளேன்னு அப்படியே தோள்ல போட்டுட்டுப் போயிட்டோம். கூட்டத்துல இவ செருப்பு ஞாபகமே வரல. ரூமுக்குப் போனதும் முழிச்சா. இதக் குடுக்கணும்னு ஒரே அழுகை."

அவள் வலது கை இறுக மூடியிருந்தது. விரல் இடுக்கில் சிவப்புப் பெயின்ட்.

"எங்கிட்ட குடு பாப்பா" என்றேன்.

"உங்ககிட்ட குடுக்கக் கூடாது" என்றாள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கம்பை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினேன். புடவை முன்பக்கம் முழுக்க ஈரமாக அக்கா ஓடி வந்தார். அவரைப் பார்த்த பிறகுதான் அந்தக் கை திறந்தது. அக்கா டோக்கனை வாங்கி, நம்பரைச் சரிபார்த்து, ஆணியில் மாட்டினார். செருப்பை எடுத்து வந்து, தரையில் உட்கார்ந்து, தானே காலில் மாட்டிவிட்டார். அதுவரை தாங்கியவர், எழுந்து நின்று தகப்பனைப் பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி. திட்டு பாதி, அழுகை பாதி. பதிவேட்டில் அன்றைய கையெழுத்து இன்றும் கோழி கிறுக்கியதுபோல இருக்கிறது.

தன் அடுத்த விடுமுறை நாளில் அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு என் கூண்டுக்கு முன்னால் வந்து நின்று, நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார். தனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த ஆளிடம் செருப்பைக் கொடுத்து டோக்கனும் வாங்கிக்கொண்டார். குழந்தையைத் தேடிய அன்றைக்கு எல்லா அறைக்கும் போயும் எதையும் பார்க்கவில்லையாம். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தார். சிம்மாசனத்தைப் பற்றிச் சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"குளத்துல முழங்கால் அளவுதான் தண்ணி தம்பி" என்றார் அக்கா. "அடியில பதிச்ச பூக்கல்லு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது. அன்னைக்கு எனக்கு அடியே தெரியல."