மருதாயி எடுத்த அளவு

இப்போதும் மடியில் கொக்கி தைக்கவேண்டிய ரவிக்கைதான் கிடக்கிறது. ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுதுகிறேன். சேலை எப்படி இருந்தாலும் யாரும் கேட்பதில்லை, ரவிக்கை ஒரு விரல் பிடித்தால் தையல்காரியைத்தான் கேட்பார்கள். என்னைப்போல் தையல் வேலை பார்க்கிற உங்களுக்கு இது தெரியாததில்லை. தென்னூரில் எங்கள் கடையில் பெண்களுக்கு மட்டும்தான் தைக்கிறோம். கடை பெரியக்காவுடையது.

இரண்டும் இடது கை

சமயபுரம் பக்கத்து ஊரிலிருந்து மருதாயி புதிதாக வந்தாள். பழக்கிவிடும் பொறுப்பு எனக்கு. எனக்கோ பேச வராது, செய்துகாட்டுவதோடு சரி. பூப்போட்ட சீட்டித் துணியில் ரவிக்கைக்கு அவள் வெட்டிய இரண்டு கையும் இடது கை. திருப்பிப் போட்டால் பூ உள்ளே போய்விடும். வேலை போனால் ஊரில் தாய்மாமனுக்குக் கட்டிவைத்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். பெரியக்கா நிதானமாகத்தான் சொன்னார்: "நீ தச்ச ரவிக்கை ஒண்ணு திரும்பி வரட்டும், சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நானே உன்னை ஊருக்கு பஸ் ஏத்திவிடறேன்."

அளவு ரவிக்கை

ஸ்ரீரங்கத்து மாமி ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு வந்து, அளவுக்கென்று ஒரு பழைய ரவிக்கையைக் கொடுத்தாள். நான் வாங்கி மடித்துவைத்தேன். மருதாயி குழந்தையையே பார்த்தாள். "இது இவன் பொறக்கறதுக்கு முந்தி தச்சதுங்களா?" எனக்குக் கூசிப்போயிற்று. என் பையன் பிறந்தபிறகு என் ரவிக்கைகளையெல்லாம் பிரித்துப் பெரிதாக்கியவள் நான். எனக்கு அது தோன்றவில்லை. மாமி சிரித்துவிட்டாள். "ஆமாண்டி பொண்ணே, இதை நான் போட்டுண்டே ஒரு வருஷமாச்சு."

திரும்பி வந்தது

கடைசியில் ஒன்று வந்தே விட்டது. மருதாயி தைத்தது, மார்புப் பக்கம் இறுக்கம். பெரியக்கா வாய் திறக்குமுன் மருதாயி டேப்பை எடுத்து, அதைக் கொண்டுவந்த அம்மாளைச் சுற்றினாள். முதலில் நான் எடுத்துக் குறித்த அளவே வந்தது. "இன்னிக்கு வீட்ல என்னங்க குழம்பு?" என்றாள். அந்த அம்மாள் வத்தக்குழம்பில் ஆரம்பித்து மாமியார்வரை போனாள். டேப் இரண்டு விரல் நெகிழ்ந்தது. "டேப்பு பட்டதும் எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கறாங்கக்கா. பேச்சுக் குடுத்தா விட்டுடறாங்க." பெரியக்கா இரண்டு பேரையும் பார்த்தார். "தையலைப் பிரிச்சு விடு. நாளையிலேருந்து நீயே அளவெடு, இவளுக்கும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிக்குடு."

பழக்கிவிடப் போன நான் மருதாயியிடம் வாயைத் திறக்கப் பழகிக்கொண்டேன், ஆனால் குழம்பு என்ன என்று கேட்டுவிட்டபிறகு அவர்கள் பேச்சை எப்படி நிறுத்துவது என்பதைத்தான் இன்னும்... இருங்கள், மருதாயி கூப்பிடுகிறாள், யாரோ அளவுக்கு வந்திருக்கிறார்களாம்.