எருசலேமுக்குப் போன பிடியரிசி

சீவலப்பேரிக்கு அடுத்த கிறிஸ்தவக் குடியிருப்பில் சாரம்மாளை அறியாதவர் இல்லை. அவ்வளவு வாய். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் ஆயாவாக இருந்தாள். 1911-ஆம் வருஷம் அங்கிருந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள் எருசலேம் யாத்திரை புறப்பட்டபோது அவளையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஊர்ப் பெண்கள் சும்மா விடுவார்களா? உலை வைக்கும்போதெல்லாம் கர்த்தருக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுவது அவர்கள் வழக்கம். பிள்ளைகள் பசித்து அழுத பஞ்சத்திலும் அந்தக் கலயத்தில் யாரும் கைவைத்ததில்லை. அதிலிருந்து வீட்டுக்கு ஒரு பிடியாக, பத்தொன்பது வீட்டு அரிசியைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தார்கள்.

"ஏட்டி, கர்த்தரோட கல்லறையிலயே கொண்டு வச்சிரணும். ஒரு மணி கொறையக் கூடாது" என்றாள் ஞானசௌந்தரி. கலயங்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு, கண்டிப்பானவள்.

பெத்லெகேம் கோயிலில் மெழுகுவர்த்தியைக் காணிக்கையாக வாங்கிக்கொண்டார்கள், அரிசியை வாங்கவில்லை. கல்லறைக் கோயிலிலும் அதே கதை. தாடிக்காரக் குருவானவர் பையை முகர்ந்து பார்த்துவிட்டு, போ போ என்று கையை ஆட்டினார். கடைசி நாளும் வந்துவிட்டது. மறுநாள் விடிந்தால் யோப்பாத் துறைமுகத்துக்கு ரயில், அப்புறம் கப்பல். மத்தியானம் சாரம்மாள் மறுபடியும் கல்லறைக் கோயிலுக்குப் போய்க் கெஞ்சினாள். வாய் இருந்து என்ன, அங்கே அவள் பாஷை யாருக்குத் தெரியும்? பையோடு திரும்பினால் ஞானசௌந்தரி முகத்தில் எப்படி விழிப்பது என்று அழுகையே வந்துவிட்டது.

அவள் தங்கியிருந்த விடுதி முற்றத்தில், ருஷ்யாவிலிருந்து யாத்திரை வந்த ஒரு கிழவி காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். கூட வந்தவர்கள் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து ஊட்டினார்கள். தொண்டையில் இறங்கவில்லை. காய்ச்சல்காரிக்கு ரொட்டியா கொடுப்பார்கள்? சாரம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பையின் முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பிடி எடுத்தாலும் குற்றம்தான், குற்றத்தை முழுசாகவே செய்வோம் என்று பையைப் பானையில் கவிழ்த்தாள்.

கஞ்சி உள்ளே போனதும் கிழவி கண் திறந்தாள். கூட வந்தவர்களும் கிண்ணத்தை நீட்டினார்கள். நாற்பது நாளாக ரொட்டி தின்று நாக்குச் செத்துப்போயிருந்த சாரம்மாள், அடியில் மிஞ்சியதை வழித்துத் தானும் குடித்தாள். குடித்த பிறகுதான் பயம் வந்தது.

கப்பலில் வரும் வழியெல்லாம் ஒரு பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஊருக்கு வந்து, ஞாயிறு ஆராதனை முடிந்து ஞானசௌந்தரி கேட்டபோது அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"வைக்க விடல, அக்கா. கடைசி நாளு ஒரு சீக்காளிக் கெழவிக்குக் கஞ்சி காச்சிட்டேன். மிச்சத்த நானும் குடிச்சேன். கர்த்தருக்குள்ளத நான் தின்னுட்டேன்" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஞானசௌந்தரி காலிப் பையைக் கையில் வாங்கி வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"உப்பு போட்டியாட்டி?" என்று கேட்டாள்.

"போட்டேன், அக்கா."

"பெறகென்ன? கண்ணத் தொடச்சிக்கோ."