சித்தப்பா மாதங்களைப் பின்னாலிருந்து சொன்ன கதை

அந்தக் குளிர்காலம் முழுவதும் சித்தப்பா எந்தக் கதிரையிலும் நிலைத்து உட்காரவில்லை. குசினிக்குப் போவார், எதற்கு வந்தோம் என்று தெரியாதவர்போல் சற்று நின்றுவிட்டு வாசலுக்குப் போவார், வாசலிலிருந்து கராஜுக்குப் போவார். மெல்பேர்னின் புறநகரான வெரிபீயில் அவர்கள் வீடு புதிது, தரை மெல்லியது. அவர் நடக்கும்போதெல்லாம் அலுமாரிக் கோப்பைகள் கிணுகிணுக்கும். அவ்வளவு பெரிய மனிதர்.

அவர் தமிழர் இல்லை, டொங்காத் தீவுக்காரர். தேவாலயத்து ஞாயிறு பூசைக்கு வந்த இடத்தில் சித்தியைக் கண்டு விரும்பி, எங்கள் தமிழையும் அவரிடமே பழகியவர். கலியாணப் பேச்சு வந்தபோது, "டொங்காவோ? அது எங்கை தொங்குது?" என்று அப்பா கேட்டாராம். மாப்பிள்ளை தன் நாட்டு ரக்பி அணியில் ஆடுபவர், தொலைக்காட்சியில் வருபவர் என்று தெரிந்த பிறகு அப்பா மாறிவிட்டார். வேலையிடத்தில் அவருக்கு வாயைத் திறந்தால் "என்ர சகலன்" பேச்சுத்தான்.

ரக்பியில் இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து முட்டித் தள்ளுவதை ஸ்க்ரம் என்பார்கள். சித்தப்பா அதில் முன்வரிசை. கசக்கிய கடதாசி போன்ற அவருடைய காதுகளை நான் அடிக்கடி தொட்டுப் பார்ப்பேன். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடித்து ரயிலில் வந்துசேர இருட்டிவிடும். அதுவரைக்கும் பள்ளிக்கூடம் விட்டு நான் சித்தி வீட்டில்தான்.

அவர் ஆடிய மெல்பேர்ன் கழகத்தின் ஆட்டமொன்றில் எதிரணிக்காரனின் முழங்கால் அவர் தலையில் பட்டது. நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். விழுந்தவர் எழுந்து, தன் அணியை விட்டுவிட்டு மற்ற அணி நின்ற பக்கமாக நடந்து போனார். அப்பா சிரித்தார். சித்தி உடனே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முந்தைய ஆண்டும் அப்படி ஒரு அடி பட்டிருந்தது.

அதன் பிறகு சித்தி வீட்டில் பகலிலும் திரைச்சீலை மூடியிருந்தது. சித்தப்பா குசினிக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேநீர் போட்டார். கொஞ்ச நாளில் டொங்கா அணி ஆஸ்திரேலியாவோடு மோத சிட்னிக்கு வருவதாக இருந்தது. தன் நாட்டு ஜெர்சியில் மகன் ஆடுவதை ஒரு தடவைகூட நேரில் பார்த்திராத அவருடைய அம்மா, அதற்காகவே தீவிலிருந்து வருகிறார். வைத்தியர் சரி என்று சொன்னால்தான் சித்தப்பா ஆடலாம்.

ஒரு நாள் பின்னேரம் சித்தப்பா என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டார்.

"குட்டி, உன்ர ஸ்பெல்லிங் வேர்ட்ஸ் வாசி. நான் பாக்காமல் சொல்லுறன். கேம்."

நான் வாசித்தேன். அவர் திருப்பிச் சொன்னார். முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் வந்தன. நடுவில் இருந்தவை வரவில்லை. எழுந்து காரைச் சுற்றி நடந்துவிட்டு வந்து, "திரும்ப," என்றார். பிறகு இலக்கங்களைத் தலைகீழாகச் சொன்னார். ஒற்றைக்காலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்; சாயும்போது நான் பிடிக்கவேண்டும். மலையைப் பிடிப்பதுபோல் இருக்கும். கடைசியில் மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்வார். எனக்கு ஒரே பெருமை. வகுப்பில் யாரும் என்னிடம் பாடம் கேட்டதில்லை.

"சித்திக்குச் சொல்லாதை. சர்ப்ரைஸ்," என்றார்.

வைத்தியரிடம் போகவிருந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சித்தி வீட்டில் மதியம் சாப்பிட்டோம். சிட்னி ஆட்டத்துக்கு வேலையிடத்திலிருந்து யார் யாரைக் கூட்டிப்போவது என்று அப்பா சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்தப்பாவுக்கு மாதமெல்லாம் பின்னாலை இருந்து சொல்லத் தெரியும். நான்தான் சொல்லிக்குடுத்தனான்!"

"எங்கை, சொல்லட்டும் பாப்பம்," என்று அப்பா கைதட்டினார்.

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தொடங்கினார். ஓகஸ்ட் வரை வந்தார். "ஜூன்," என்றார். நின்றார். "ஓகஸ்ட்," என்றார் திரும்பவும்.

"ஜூலை!" என்று கத்தினேன். அப்பா மேசையில் தட்டிச் சிரித்தார்.

சித்தி கறிக்கரண்டியைச் சட்டிக்குள் விட்டார். போன தடவை வைத்தியர் இதையே சொல்லச் சொன்னபோது அவரும் பக்கத்தில் இருந்தவர்.

"டெஸ்டுக்குப் பாடமாக்குறியளோ?"

"ஒரு மேட்ச் மட்டும்," என்றார் சித்தப்பா. "அம்மா வாறா."

"உங்கட அம்மா ஜெர்சியைப் பாக்க வாறாவோ, உங்களைப் பாக்க வாறாவோ?"

சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். கோப்பைகள் கிணுகிணுத்தன. அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டு, "சாப்பிடு, கதைக்காதை," என்றார்.

வைத்தியரிடம் சித்தியும் கூடவே போனார். கராஜில் நடந்தது எல்லாவற்றையும் சித்தியே சொல்லிவிட்டாராம். இனி ரக்பியே இல்லை, சிட்னி மட்டுமல்ல, எங்கேயும் இல்லை என்று வைத்தியர் முடித்துவிட்டார். ஜூலையை நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காததால்தான் சித்தப்பா பெயிலானார் என்று நினைத்தேன். மறுநாளே புதுச் சொற்களோடு கராஜுக்குப் போனேன்.

"காணும், குட்டி," என்றார். "டெஸ்ட் முடிஞ்சுது." என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவின் கடைசி வரைக்கும் நடந்தார், திரும்பினார், பிறகும் நடந்தார். நான் களைத்து இறக்கிவிடச் சொல்லும் வரைக்கும் நிற்கவேயில்லை.

அவருடைய அம்மா சிட்னிக்குப் போகாமல் நேரே வெரிபீக்கு வந்தார். தங்கள் நாட்டு வழக்கப்படி இடுப்பில் ஓலைப்பாய் சுற்றிய, மகனைப் போலவே பெரிய பெண்மணி. ஆட்டத்தன்று நாங்கள் தொலைக்காட்சி முன்னால் கூடியிருந்தோம். சித்தப்பாவின் இலக்கத்தை வேறொருவர் முதுகில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தார். அந்த நேரம் பார்த்து வெளியே வளவுக்குள் புல்வெட்டும் மெஷினின் இரைச்சல் தொடங்கியது. தேசிய கீதம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. "சித்தப்பா நேற்றுத்தானே வெட்டினவர்!" என்றேன். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். எல்லாம் தான் நினைத்தபடியே நடந்தும் சித்தி குசினியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

கிழவி எழுந்தார். வெளியே போய், மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்த மகனுக்குப் பக்கத்தில், அந்த மொட்டைப் புல்லில் அவரோடு போவதும் வருவதுமாக நடக்கத் தொடங்கினார். கடல் தாண்டி ஆட்டம் பார்க்க வந்தவர், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் போய்ப் புல்வெட்டுவதைப் பார்க்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. யன்னலைத் தட்டித் தட்டி அவரை உள்ளே கூப்பிட்டேன்.